கொடைக்கானலில் நான் மூடிய குழாய்

வெள்ளைக்காரனை என் வீட்டுக்காரர் திட்டி நான் முதன்முதலில் கேட்டது, கல்யாணமான மூன்றாம் நாள், எங்கள் வீட்டு விருந்தில். அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா நூல் கடை வைத்திருந்தார். புது மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போட்டு, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் சாம்பாரைப் பிசைந்தபடி வெள்ளைக்காரனைக் கப்பலில் இருந்து இறக்கினார். ரசம் வருவதற்குள் நெசவாளியின் கட்டைவிரல் போய்விட்டது. அடுத்தது பஞ்சம். எங்கள் அப்பா பாயசச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரே பட்டினியில் கிடக்கிற நேரத்தில் இதை எப்படி ஊற்றுவது என்று திகைத்து நின்றார். மாப்பிள்ளைதான் பெரிய மனது பண்ணி இரண்டு தரம் வாங்கிக்கொண்டார்.

அவர் திருச்சுழியில் உயர்நிலைப் பள்ளிக்கூடத்து வரலாறு வாத்தியார். நல்ல உயரம், கணீரென்ற குரல். எட்டாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்த எனக்கு, இப்படி ஒருவர் வாய்த்ததில் பெருமை தாங்கவில்லை. சிங்கத்துக்கு வாக்கப்பட்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். சிங்கத்துக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை என்பதைத் திருச்சுழிக்குப் போன பிறகுதான் சொன்னார்கள்.

எங்கள் சீமையில் தண்ணீர் எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பண்ணிய காரியம் புரியாது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு. குடிக்க ஊருணிக்குப் போக வேண்டும். சித்திரை, வைகாசியில் ஊருணியும் கையை விரித்துவிடும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, முகம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி அலசிய தண்ணீர் வாசல் தெளிக்க. இப்படி ஒரே தண்ணீருக்கு மூன்று ஜென்மம். செம்பில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் என் மாமியார், “தண்ணியச் சிந்துனவ குடி வெளங்குமாடீ?” என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் கைக்குள்ளேயே ஏறிவிட்டது.

எழுபத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு. கோடை விடுமுறையில் பள்ளித் தாளாளர் என் வீட்டுக்காரர் மேல் என்ன பிரியமோ, கொடைக்கானலில் ஒரு பங்களாவில் நான்கு நாள் தங்கிக்கொள்ள ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் சீட்டாடவும் சாராயம் குடிக்கவும் கட்டி வைத்த பங்களாவாம். அவர்கள் கப்பலேறியதும், நம்மூர்ப் பணக்காரர்கள் நான்கு பேர் கமிட்டி போட்டு அதை வாங்கிவிட்டார்கள். தாளாளரும் அந்தக் கமிட்டியில் ஒருவர். நம் சிங்கம் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். வீட்டுக்கு வந்து, “எதிரியோட கோட்டைக்குள்ளயே போயிப் பாத்துட்டு வாரேன்” என்றார். எதிரி போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறதே என்று நான் கேட்கவில்லை.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, காரியாபட்டி தாண்டி, மதுரையில் மாறி, வத்தலக்குண்டு வரைக்கும் வெயில் எங்களைக் கூடவே வந்து வழியனுப்பியது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் பாதி பஸ் வாந்தி எடுத்தது. என் வீட்டுக்காரர் பாடம் எடுத்தார். இந்த ரோடு வருவதற்கு முன்னால் துரைகளையும் துரைசாணிகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு மலை ஏறினார்களாம். “நெனச்சுப் பாரு. நம்ம ஆளு வேர்த்து ஊத்துறான். அவ குடையப் பிடிச்சுக்கிட்டு மேல உக்காந்து எலந்தப்பழம் திங்கிறா!” என்றார். அந்தத் துரைசாணிக்கு இலந்தைப்பழம் யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த கிழவருக்கும் வந்தது. ஆள் இருந்த தோரணை அப்படி.

அடுத்தது ஏரி. “இது சாமி வெட்டுன ஏரி இல்ல. மதுரையில கலெக்டரா இருந்த தொரை ஒருத்தன் ஓடைய மறிச்சுக் கட்டுனது. எதுக்கு? வெவசாயத்துக்கா? படகு விட! அப்ப நம்ம சீமைக்கும் அவன்தான் கலெக்டர். நம்ம கம்மாய்க்கரை ஒடஞ்சு கெடக்கு, இவன் மலை உச்சியில கரை கட்டிப் படகு விடுறான்.” இதை அவர் சொன்னபோது பஸ்ஸில் இரண்டு பேர் “அதானே!” என்றார்கள். எனக்கு உடம்பே சிலிர்த்தது. கொஞ்சம் குளிரும் இருந்தது.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் காக்கிக் கோட்டு போட்ட ஒருவர் நின்று எங்கள் டிரங்குப் பெட்டியை வாங்கினார். ஐம்பது வயதிருக்கும். அவர்தான் வாட்ச்மேன், சமையல், தோட்டம் எல்லாம். அவருடைய அப்பா துரைகளுக்கு வெந்நீர் போட்டவர். பின்புறம் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு, அதில்தான் அவர் பிறந்ததே. இப்போது அவரும் அவர் மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள். இதையெல்லாம் நான் கேட்காமலேயே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கமிட்டி செகரட்டரி ஐயா இந்த வீட்ட அவுக டிரைவருக்குக் குடுக்கணும்னு பாக்காக, தாயி. எங்க மேல ஒரு கொறையும் இல்ல, அதான் தள்ள முடியல. நீங்க போறப்ப நல்லபடியா ஒரு வரி எழுதிட்டுப் போங்க” என்றார். என் வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டி, “ஒரு பக்கமே எழுதுறேன்யா” என்றார்.

பங்களாவின் உள்ளே பலகை பாவிய பெரிய கூடம். அதன் மேல் சிவப்புக் கம்பளம், மூலையில் ஒரு பியானோ, சுவரில் செத்துப்போன மான் தலைகள். அவை எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கொல்வதே தப்பு, கொன்ற பிறகு கண்ணாடிக் கண் வைத்து விருந்தாளியை வேவு பார்க்க விடுவது என்ன பழக்கமோ! பியானோவை யாரும் வாசிப்பதில்லையாம், ஆனால் வாராவாரம் துடைக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் பார்த்து, “சுரண்டல்” என்று சொல்லிவிட்டு, அங்கிருந்ததிலேயே மெத்தென்ற நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “டீ கெடைக்குமாய்யா?” என்று கேட்ட குரல், திருச்சுழியில் கேட்காத குரலாக இருந்தது.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். பாட்டிலில் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாகிவிட்டது. இரவல் ஸ்வெட்டரை நாள் முழுவதும் கழற்றாமல் நான் மூலையில் சுருண்டேன். இந்தக் குளிர் வேண்டும் என்றா ஒருத்தன் ஆளை வைத்துச் சுமக்கச் சொல்லி இவ்வளவு தூரம் ஏறி வந்தான்? எங்கள் வெயில் அவனைத் துரத்தியடித்த மாதிரி எந்தப் போராட்டமும் துரத்தியிருக்காது என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. வரலாற்றில் வெயிலுக்கு இடமில்லை போலும்.

இரண்டாம் நாள் காலையில்தான் பின்கட்டுக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சமையல்கட்டை ஒட்டிக் கல்தொட்டி ஒன்று. அதன் மேல் பித்தளைக் குழாய். அதிலிருந்து தண்ணீர் கைத்தடிமனுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிரம்பி, வழிந்து, வாய்க்காலில் ஓடி, பள்ளத்தில் போகிறது. பிடிக்க ஆளில்லை, குடமில்லை, சண்டையில்லை. அள்ளிக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, தித்திப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் முகம் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. மேலே எங்கேயோ ஊற்று இருக்கிறது, அங்கிருந்து வருகிறது என்று வாட்ச்மேனின் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். சொன்னவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அன்று மத்தியானம் ஏரிக்குப் புறப்பட்டோம். வாட்ச்மேன் கடைவீதிக்குப் போயிருந்தார், அவர் மனைவி பிள்ளைகளோடு விறகுக்குப் போயிருந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லாமல் தண்ணீரைத் திறந்து போட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். குழாயின் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, பலம் முழுவதையும் கொடுத்துத் திருகினேன். சொட்டு நின்றது. பின்னால் நின்று பார்த்த என் வீட்டுக்காரர் கைதட்டினார். “பாத்தியா! இந்தப் புத்தி வெள்ளைக்காரனுக்கு இருந்துச்சா? நூறு வருஷமாத் தொறந்தே விட்டுருக்கான். நம்ம திருச்சுழிப் பொம்பள வந்து மூட வேண்டியிருக்கு” என்றார். கல்யாணமாகி அவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை.

ஏரியில் படகு விட்டோம். ஆமாம், அதே ஏரியில்தான். கலெக்டர் துரையை வசவு பாடிய அதே வாயால், “கொஞ்சம் வெலகு, அந்தப் பக்கம் போயி வருவோம்” என்று படகுக்காரனிடம் கூடுதலாக ஒரு சுற்றுக்குப் பேரம் பேசினார். அதன் பிறகு வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்றைப் பார்த்தோம். பாதிக் கல்லறைகள் கைக்குழந்தைகளுடையவை. ஒன்றரை வயது, நான்கு மாதம், பதினோரு நாள் என்று அவர் வாசித்துக்கொண்டே வந்தார். காய்ச்சலுக்குத் தப்பித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டே, பதினோரு நாள் கல்லின் மேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டேன். அங்கே மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கேலி பேச வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது பங்களா வாசல்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊற்றுத் தண்ணீர் வருகிற பழைய இரும்புக் குழாய், கூடத்தின் பலகைத் தரைக்கு அடியில்தான் போகிறதாம். அது எந்தக் காலத்திலும் மூடப்பட்டதே இல்லையாம். நான் மூடியதும் மேலேயிருந்து வந்த வேகம் போக வழியில்லாமல் அடியில் முட்டி, துருப்பிடித்த இடத்தில் வெடித்துவிட்டது. பலகை இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் கொப்பளித்தது. கம்பளம் ஊறிப் பாயசமாகக் கிடந்தது. பியானோ கணுக்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றது. வாட்ச்மேனும் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திருச்சுழிக்காரி தண்ணீரை மிச்சம் பிடித்த லட்சணம் அது.

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். “நாந்தாங்க மூடுனேன், தெரியாமப் பண்ணிட்டேன்” என்றேன். வாட்ச்மேன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். “எத்தனையோ தொரைமாரு, எத்தனையோ பணக்காரக வந்து போயிட்டாக, தாயி. ஒருத்தருக்குக்கூட அத மூடணும்னு தோணுனதில்ல. அதனாலதான் நானும் சொல்லல” என்றார். பிறகு, “நாளைக்குக் காலையில செகரட்டரி வருவாக. நடந்தத நடந்தபடி சொல்லிருங்க, அது போதும். இல்லாட்டி இதச் சாக்கா வச்சு எங்கள வெளிய தள்ளிருவாக” என்றார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “நான் இருக்கேன்ல. நானே சொல்றேன். இது என்ன வெள்ளைக்காரன் ஆட்சியா, ஏழைய மெதிக்க?” என்றார். அந்த ஈரத்திலும் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு மதிப்பு வந்தது.

காலையில் செகரட்டரி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர்தான். கம்பளிக் கோட்டு, கழுத்தில் டை, தமிழை இடுக்கியில் பிடித்து எடுக்கிற மாதிரி ஒரு பேச்சு. ஈரக் கூடத்தைச் சுற்றி வந்தார். பியானோவின் காலைத் தொட்டுப் பார்த்து, பெற்ற பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி “ச்சுச்சு” என்றார். தோல் அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் விரித்தார். வாட்ச்மேன் கைகட்டி நின்றார். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நானும் காத்திருந்தேன். கனைப்புக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அதனால் நானே வாயைத் திறந்தேன். “குழாய மூடுனது நாந்தாங்க. இவுக மேல ஒரு தப்பும் இல்ல.”

செகரட்டரி என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். “நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா இது வெள்ளைக்காரன் காலத்து நோட்டு. கெஸ்ட் கொறை சொன்னா எழுதலாம், வாட்ச்மேன் தப்புப் பண்ணா எழுதலாம். கெஸ்ட் தப்புப் பண்ணாங்கன்னு எழுத இதுல எடமே கெடையாது” என்றார். வெள்ளைக்காரன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், நோட்டை மட்டும் மறக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று எங்கள் ஊரில் வாயால்தான் சொல்வார்கள். இவர்கள் கோடு போட்டு, அட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

நான் விடவில்லை. “எடமில்லாட்டி ஓரத்துல எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“சீட்டு உங்க பேர்ல இல்லையேம்மா. சார் பேர்லல்ல இருக்கு” என்று அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “என்ன சார், நீங்க சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாலதான் உங்க சம்சாரம் மூடுனாங்கன்னு எழுதிக் குடுங்க. நான் அப்படியே கமிட்டியில வச்சிருறேன். உங்க தாளாளரும் வர்ற வாரம் கூட்டத்துக்கு வாரார்.”

தாளாளர் என்ற சொல் விழுந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தில் என்னவோ ஒன்று இறங்கியது. சுவரில் இருந்த மான் தலையைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத மாதிரி, “நான் பாக்கலைங்க” என்றது.

ஐயோ, அந்த நிமிஷம்! பின்னால் நின்று கைதட்டிய மனுஷன்! “என்னங்க!” என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். செகரட்டரி நோட்டில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து நோட்டைத் திருப்பி வைத்ததும் வாட்ச்மேன், “நாந்தாங்க கவனிக்கல” என்று சொல்லி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ந்தது. மொத்தக் காரியமும் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே கிளம்பினோம். டிரங்குப் பெட்டியை எடுக்க வாட்ச்மேன் வந்தார். வேண்டாம், வேண்டாம் என்று நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்க, தாயி. மாசக் கடேசி வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்குல்ல” என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இறக்கம். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எப்போதும் போடுகிற சலாத்தைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு பக்கமே எழுதுவதாகச் சொன்னவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

பாதி மலை இறங்கும் வரைக்கும் பாடம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏற ஏறத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. “எனக்கு நிரந்தரம் ஆகட்டும். ஆன மறுநாளே கமிட்டிக்கு ஒரு லெட்டர் போட்டுருறேன். நடந்தத எழுதி, அந்த ஆளுக்கு வேலையத் திருப்பிக் குடுக்கச் சொல்லி” என்றார். “நீங்க ஆம்பளதானா?” என்று கேட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருஷமே நிரந்தரம் ஆகிவிட்டது. சுதந்திர தினத்தில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவர் பேசிய பேச்சுக்குப் பிள்ளைகள் கைவலிக்கத் தட்டியதாகச் சொன்னார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் வீட்டில் முனகினேன். லெட்டர் என்னாச்சு என்று தீபாவளிக்குக் கேட்டேன், பொங்கலுக்குக் கேட்டேன். எழுதுறேன், எழுதுறேன் என்பார். சண்டை வந்தால் போதும், வேறு எதையும் தேட மாட்டேன். “நான் பாக்கலைங்க” என்று அதே குரலில் சொல்லிக் காட்டுவேன். மனுஷன் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படிப் பல வருஷம் அவரைக் குத்தியே ஓட்டினேன். எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

இப்போது யோசித்தால், எழுத எனக்கும் தெரியும். எட்டாவது படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று டீச்சர் சொல்வார். போஸ்டாபீஸ் தெருக்கோடியில். தாளாளரின் வீடு, போகிற வருகிற வழியிலேயே. எத்தனை நாள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன்! ஒரு கார்டு வாங்கி நான்கு வரி எழுத என்னை யாரும் தடுக்கவில்லை. நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் வீட்டுக்காரர் வேலை போயிருக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டு பெண்பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதம் முதல் தேதி சம்பளக் கவரை அவர் என் கையில்தான் கொடுப்பார். நான் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அரிசிக்கு எடுத்துக்கொள்வேன்.